தோற்கும் அணியோடு ஏப்ரலைக் கடப்பது எப்படி

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். என்பிஏ கூடைப்பந்தில் என் அணி சாக்ரமெண்டோ கிங்ஸ். 2007 முதல் 2022 வரை தொடர்ந்து 16 சீசன்கள் இந்த அணி பிளேஆஃப் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் சுற்றுகள்) பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என்பிஏ வரலாற்றில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் வந்ததில்லை. அந்த 16 வருடத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தான், லாரியிலிருந்து பேருந்துக்கு மாறினேன், இரண்டு முறை வீடு மாறினேன். அணியை மட்டும் மாற்றவில்லை.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கிங்ஸ் ரசிகனாக இருக்க ஒரு நியாயமும் கிடையாது. 2002-இல் எதிர்வீட்டு அங்கிளிடம் கேபிள் டிவி இருந்தது. ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்த அணி இது, அவ்வளவுதான். அங்கிள் லேக்கர்ஸ் கட்சி. அவரை எதிர்க்க எனக்கு ஓர் அணி தேவைப்பட்டது.

பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. சீசன் முழுக்கத் தோற்கும் அணியோடு இருப்பது சுலபம். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது மாதிரிதான். அதே அணி தட்டுத் தடுமாறி பிளேஆஃபுக்குள் நுழையும்போதுதான் சிக்கல். ஆசை வந்துவிடும். ஆசை வந்தபிறகு தோற்றால் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, வீட்டில் சண்டை வரும். அந்த வாரங்களை வேலையும் குடும்பமும் கெடாமல் கடப்பதற்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் முக்கால்வாசி மனசைப் பற்றியது இல்லை, வேலை அட்டவணையைப் பற்றியது.

கடிகாரத்தை முதலில் சரி செய்யுங்கள்

ஏப்ரலில் சாக்ரமெண்டோவைவிட நாம் 15 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நியூயார்க், பாஸ்டன் பக்கம் என்றால் 12 மணி நேரம். அங்கே மாலை 7 மணி ஆட்டம் என்றால் கிழக்குக் கரை அணிக்காரருக்கு இங்கே காலை 7, என்னைப் போன்ற மேற்குக் கரைக்காரனுக்குக் காலை 10. எனக்குப் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்த ஷிஃப்ட். விடிகாலையில் முதல் வண்டி எடுத்தால் ஒன்பதரைக்கு இறங்கிவிடுவேன், மறுபடி மாலை நெரிசலுக்கு ஏறினால் போதும். பத்து மணி ஆட்டம் எனக்காகவே வைத்தது போல இருக்கும்.

வில்லங்கம் வார இறுதியில் வரும். அங்கே ஞாயிறு மதியம் 12.30 என்றால் இங்கே திங்கள் அதிகாலை 3.30. அட்டவணை வந்த அன்றே சிங்கப்பூர் நேரத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தேதி முக்கியம். 'ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்' என்று மனசில் வைத்திருந்து ஞாயிறு அதிகாலை எழுந்து உட்கார்ந்து ஏமாந்தவன் நான்.

ஒரு சுற்றில் ஏழு ஆட்டம் என்பார்கள். உறுதியாக நடப்பது நாலுதான். நாலு வெற்றி யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவரோடு சுற்று முடிந்துவிடும். ஆகவே ஷிஃப்ட் மாற்றுவதோ விடுப்போ முதல் நாலுக்கு மட்டும் பேசி வையுங்கள். ஏழாவது ஆட்டத்துக்கென்று முன்கூட்டியே விடுப்பு எழுதினால், உங்கள் அணி நாலிலேயே மூட்டையைக் கட்டிவிடும். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்து காய் நறுக்க வேண்டியதுதான்.

சரி, ஷிஃப்ட் யார் மாற்றித் தருவார்கள்? ஏப்ரலில் போய்க் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். பிப்ரவரியிலேயே கொடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் முனையத்தில் சீனாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக ஓட்டுகிறார், கூடைப்பந்து என்றால் உயிர். துரதிர்ஷ்டவசமாக எங்கள் எதிரணியான வாரியர்ஸின் ரசிகர். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவும் முதல் நாளும் அவருடைய வண்டியை நான் எடுத்துக்கொள்வேன். அதற்குப் பதிலாக ஏப்ரலில் நான் கேட்கும் இரண்டு விடியற்காலைகள் அவருடையவை. தீபாவளிக்கு என் வண்டியை ஜொகூரிலிருந்து வரும் மலாய்க்காரத் தோழர் எடுப்பார். அவருக்கு நான் நோன்புப் பெருநாளில் திருப்பிக் கொடுப்பேன். எங்கள் மேற்பார்வையாளர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, 'இதுக்கு ஒரு வங்கியே திறக்கலாம்' என்றார்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்காதீர்கள். பேருந்துக்கு வருவதற்கு முன் வேறோர் இடத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை எடுத்தேன். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, பெரிய திரை இருக்கும் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தவர் என் சூப்பர்வைசர். அவரும் எம்சி. இருவரும் அதைப்பற்றி இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை, ஆனாலும் அது அதிர்ஷ்டம்தானே தவிர வழிமுறை இல்லை.

கைப்பேசியை ஓய்வறையில் விடுங்கள்

ஓட்டும்போது கைப்பேசி தொடக் கூடாது என்பது சட்டம். ஆகவே எனக்கு இந்தப் பிரச்சினையில் பாதி தானாகவே தீர்ந்துவிட்டது. அலுவலகத்தில் இருப்பவர்கள் தாங்களாகக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். என்பிஏ செயலியில் புள்ளிகளை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை முதல் வேலையாகப் போடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களை ஊமையாக்குங்கள். குடும்பக் குழுவையும்தான். தஞ்சாவூரில் இருக்கும் என் மச்சான் வாழ்நாளில் கூடைப்பந்து பார்த்ததில்லை, ஆனால் கிங்ஸ் தோற்றால் மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும்.

மனிதர்களை ஊமையாக்க முடியாது. 2023 ஏப்ரல் 24, திங்கள். வாரியர்ஸோடு நாலாவது ஆட்டம், அதிகாலை 3.30-க்கு. கிங்ஸ் 2-1 என்று முன்னிலை. எனக்கு முதல் வண்டி. ஆட்டம் முடியும் நேரத்தில் நான் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஓய்வறையில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் புதிதாகப் பார்ப்பது என்று திட்டம். வாரியர்ஸ் நண்பரோடு ஒப்பந்தம்: ஒரு வார்த்தை பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அவரும் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. என் முன்னால் ஒரு கோப்பியை வைத்துவிட்டு, தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பந்தயத்தில் தோற்றவர்தான் கோப்பி வாங்க வேண்டும். அவர் வாங்கினால் வாரியர்ஸ் தோற்றிருக்க வேண்டுமே என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அந்தத் தட்டல் உறைத்தது. அது இழவு வீட்டில் தட்டும் தட்டல்.

126-125. ஒரு புள்ளியில் போனது. முடிவு தெரிந்தும் முழுவதையும் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் கையிருப்பில் டைம்அவுட் (ஆட்டத்தை நிறுத்திக் கலந்துபேசும் இடைவேளை) இல்லாமலே வாரியர்ஸின் கர்ரி டைம்அவுட் கேட்டுவிட்டார். அதற்குத் தண்டனையாகக் கிங்ஸுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு, கிடைத்தது. பிறகு கிங்ஸின் டீஆரன் ஃபாக்ஸ் மூன்று புள்ளி ஒன்றைப் போட்டு இடைவெளியை ஒன்றாக்கினார். கடைசிப் பந்து ஃபாக்ஸிடம் வந்தபோது இரண்டு பேர் அவரை அடைத்துக்கொள்ள, அவர் ஹாரிசன் பார்ன்ஸுக்குத் தள்ளினார். பார்ன்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. பல மணி நேரத்துக்கு முன்பே முடிந்துபோன எறி அது. இருந்தும் நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். ஆறின கோப்பி அப்படியே இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்

தோற்கும் ஆட்டத்தில் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம்தான் ஏறும். நான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு அசைவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதை மட்டும் கவனிப்பேன்.

2023-இல் அது கிங்ஸின் டொமந்தாஸ் சபோனிஸ் பந்தைக் கைமாற்றும் அசைவு. மனிதர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு அருகே பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஃபாக்ஸோ கெவின் ஹர்ட்டரோ அவரை உரசிக்கொண்டு ஓடிவந்து, நிற்காமலே பந்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். துரத்தி வருபவர் சபோனிஸின் உடம்பில் மோதி ஓர் எட்டு பின்தங்கிவிடுவார். அந்த ஓர் எட்டு போதும், எறிந்துவிடலாம். தேக்கா சந்தை நெரிசலில் நமக்கு முன்னால் ஒரு பெரிய ஆள் வழி விட்டுக்கொண்டே போனால் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு நாமும் போய்விடுவோமே, அந்த மாதிரி. அந்த சீசனில் புள்ளி குவிப்பதில் லீகிலேயே முதலிடம் கிங்ஸுக்கு, பெரும்பாலும் இந்த ஒரு தந்திரத்தால்.

வாரியர்ஸ் இதை எப்படி உடைத்தார்கள்? கெவான் லூனி சபோனிஸை நெருங்கவே இல்லை. பின்வாங்கி, வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். 'நீ தூரத்திலிருந்து எறி பார்க்கலாம்' என்று விட்டுவிட்டார். சபோனிஸ் தூர எறிக்காரர் இல்லை. ஓடிவருபவர் பந்தை வாங்கி உள்ளே நுழைந்தால் அங்கே லூனி காத்திருப்பார். அடுத்த ஆட்டங்களில் கண்ணை லூனியின் பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அவர் கோட்டுக்கு வெளியே வந்தால் நமக்கு நல்ல நேரம், வராவிட்டால் கஷ்டம். தோற்ற ஆட்டங்களிலும் எனக்குப் பார்க்க ஏதோ இருந்தது. 'இவனுக்கு ஆடத் தெரியல' என்று கத்துவதும் நின்றது. கத்தாததால் மனைவியும் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு பழைய குறை போதும்

ரசிகனுக்கு நடுவர் மேல் கோபம் இல்லாமல் இருக்காது. ஒரு கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், புதிதாகச் சேர்க்காதீர்கள். என்னுடையது 2002, மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. 106-102 என்று கிங்ஸ் தோற்றது. எதிர்வீட்டு அங்கிள்கூட அன்று கொஞ்சம் கூச்சப்பட்டார்.

ஆனால் ஏழாவது ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது. சொந்த அரங்கத்தில், கூடுதல் நேரம் வரை போய், 112-106 என்று தோற்றோம். அன்று கிங்ஸுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ 30. உள்ளே போனது 16. யாரும் தடுக்காத, கையை நீட்டிக்கூட மறிக்காத 14 எறிகள் வெளியே போயின. அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: நடுவரைத் திட்டுவதற்கு முன் நம் ஆட்கள் விட்ட ஃப்ரீ த்ரோவை எண்ணுவேன். பெரும்பாலும் எண்ணி முடிப்பதற்குள் திட்டும் ஆசை போய்விடும்.

ஊதா விளக்கு விவகாரம்

வீட்டில் ஒரு சடங்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் யோசித்து வையுங்கள். சாக்ரமெண்டோவில் கிங்ஸ் வென்றால் அரங்கக் கூரையிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றை வானத்தைப் பார்த்துப் பாயும். 2022-23 சீசனில் தொடங்கிய வழக்கம். நானும் முந்தின தீபாவளிக்குச் சிராங்கூன் சாலைச் சந்தையில் வாங்கிய சீரியல் விளக்கை எடுத்தேன். அதில் ஊதா மட்டும் எரியும் பொத்தான் ஒன்று உண்டு. வீட்டு வாசலில், பொது நடைபாதையின் கம்பியில் சுற்றினேன்.

2023 ஏப்ரல் 16, ஞாயிறு காலை, முதல் ஆட்டம். 126-123, வெற்றி. விளக்கு எரிந்தது. செவ்வாயன்று இரண்டாவது ஆட்டம், 114-106. மறுபடி எரிந்தது. அது நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) வாசலிலும் பெருநாள் விளக்குகள் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தன. அவருக்குத் துணையாக நானும் பெருநாளுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். கண் கலங்கி, ஒரு டப்பா அன்னாசித் தார்ட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது ஆட்டம். 114-97, தோல்வி. விதிப்படி விளக்கை அணைக்க வேண்டும். மறுநாள் பெருநாள். 'தார்ட்டைத் தின்னுட்டு லைட்டை அணைக்கப் போறீங்களா?' என்று மனைவி கேட்டாள். அணைக்கவில்லை. அடுத்த இரண்டு தோல்விக்கும் விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஆகவே வெற்றியை நம்பிச் சடங்கு வைக்காதீர்கள். ஆட்ட நாளன்று எரியட்டும், முடிவு என்னவானாலும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் விதி.

எப்போது எழுந்து போகலாம்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எண்களைச் சொல்கிறேன். ஏழு ஆட்டச் சுற்றில் 0-3 என்று பின்தங்கியபின் மீண்டு வந்து வென்ற அணி 2025 வரை என்பிஏவில் ஒன்றுகூட இல்லை. 150-க்கும் மேற்பட்ட அணிகள் அந்தக் குழியில் விழுந்தும் ஒன்றுகூட ஏறவில்லை. 2023-இல் பாஸ்டன் 3-3 வரை இழுத்து வந்துவிட்டு ஏழாவதில் மயாமியிடம் தோற்றது. 1-3 என்பது வேறு கதை. 2016 இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்து, 2020-இல் ஒரே பிளேஆஃபில் இரண்டு முறை டென்வர், அதிலிருந்து மீண்டிருக்கின்றன. ஆக 1-3 என்றால் ஷிஃப்ட் மாற்றியதை ரத்து செய்யாதீர்கள். 0-3 என்றால் நாலாவது ஆட்டத்தைப் பாருங்கள், ஆனால் தூங்கி எழுந்து மறுஒளிபரப்பில் பாருங்கள்.

நடக்கும் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போகலாமா என்றால், நான் போவதில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

2023 மே 1. தொழிலாளர் தினம். சனிக்கிழமை காலை ஆறாவது ஆட்டத்தில் கிங்ஸின் மலிக் மாங்க் 28 புள்ளி போட்டு, 118-99 என்று சுற்றைச் சமன் செய்திருந்தார்கள். உடனே சீன நண்பரிடம் மிச்சமிருந்த ஒரு விடியற்காலையைக் கேட்டு வாங்கிவிட்டேன். எதிரணி ரசிகர், இருந்தாலும் கடன் கடன்தான், கொடுத்தார். அதிகாலை 3.30. கூடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு, விசிறியை இரண்டில் வைத்து உட்கார்ந்தேன். இடைவேளையில் கிங்ஸ் இரண்டு புள்ளி முன்னிலை. மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் கால்பகுதியில் கை நழுவியது. கிங்ஸ் மறித்துத் தவறவைத்த பந்துகளையெல்லாம் லூனி மறுபடி எடுத்துக் கர்ரியிடம் கொடுத்தார். அன்று லூனி எடுத்த ரீபவுண்ட் 21. கர்ரி போட்டது 50 புள்ளி. ஏழாவது ஆட்டத்தில் 50 போட்டது அதுவரை யாரும் இல்லை. நாலாவது கால்பகுதி பாதியில் தொலையியக்கியைக் கையில் எடுத்தேன்.

அப்போது கைத்தடிச் சத்தம். அப்பா. வயது எழுபதைத் தாண்டியவர், விடியுமுன் எழுந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் ஆளுங்க எது?"

"ஊதா, அப்பா."

"தோக்கிறாங்களா?"

"ஆமாப்பா. அணைச்சிரலாம்."

"இரு" என்றார். அப்புறம், யாரிடமோ பேசுவது மாதிரி, மலேசியக் கிண்ணக் கால்பந்துக் கதையை ஆரம்பித்தார். 1975-இல் நண்பர்களோடு கோலாலம்பூர் போனார், மெர்டேக்கா அரங்கத்தில் இறுதி ஆட்டம், சிலாங்கூரிடம் சிங்கப்பூர் தோற்றது. 1976-இல் மறுபடி போனார், மறுபடி சிலாங்கூர், மறுபடி தோல்வி. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் ஒருவரும் பேசவில்லையாம். 1977-இல் நண்பர்கள் கூப்பிட்டார்கள்.

"அலுத்துப்போய் நான் போகலடா" என்றார். "பினாங்கை 3-2-னு அடிச்சானுங்க. வானொலியில கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆட்டம் 120-100 என்று முடிந்தது. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொள்வதையும் பார்த்துவிட்டுத்தான் இருவரும் எழுந்தோம். தே கலக்கியது அப்பா. சர்க்கரை அதிகம், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

பந்தயம், இரண்டாவது அணி, இன்ன பிற

பந்தயம் கோப்பியோடு நிற்கட்டும். கேட்பதற்கு முன், அன்றே, நாமாகவே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். கடன் வைத்தால் கேலி வட்டி போட்டு வளரும்.

இரண்டாவது அணி வைத்துக்கொள்ளலாமா? மற்றப் பிரிவில் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எனக்கு இந்தியானா. 2022-இல் டைரீஸ் ஹாலிபர்ட்டனை அங்கே அனுப்பிவிட்டுத்தான் சபோனிஸை வாங்கினார்கள். நாம் வளர்த்த பிள்ளை வேறு வீட்டில் பெரிய ஆளாவதைப் பார்ப்பது ஒரு மாதிரியான சந்தோஷம். 2025-இல் இந்தியானாவை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார் அவர். அதே ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். என் முதல் அணி தோற்றதற்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. ஆகவே இரண்டாவது அணி வைத்தால் துக்கமும் இரண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: கிங்ஸும் இந்தியானாவும் 2019 அக்டோபரில் மும்பையில் இரண்டு முன்னோட்ட ஆட்டம் ஆடின. இந்திய மண்ணுக்கு வந்தும் கிங்ஸ் இரண்டிலும் தோற்றது.

திரையில் மட்டும் பார்க்காமல் உள்ளூர் ஆட்டத்துக்கும் போய்ப் பழகுங்கள். ஆசியான் கூடைப்பந்து லீகில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் 2016, 2017, 2019 என்று மூன்று இறுதிச் சுற்றுக்கு வந்தது, மூன்றிலும் தோற்றது. 2019 மே மாதம் ஐந்தாவது, கடைசி ஆட்டம் காலாங்கில், ஓசிபிசி அரங்கத்தில், இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸோடு. நான் மேல் வரிசையில் இருந்தேன். டிவியில் தோற்றால் உடனே விளம்பரம் வந்துவிடும். அரங்கத்தில் அப்படி இல்லை. வெளியே வந்து வட்டப்பாதை ரயில் நிலையத்துக்கு நடக்கும்வரை முன்னும் பின்னும் அதே சிவப்புச் சட்டைகள். முன்பின் தெரியாத ஒரு சீன ஆன்ட்டி என்னிடம், 'அடுத்த வருஷம், லா' என்றார். அந்த இரண்டு சொல் வீட்டில் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது.

வீட்டிலேயே எதிரி இருந்தால்

என் மகன் கர்ரி ரசிகன். 30-ஆம் எண் சட்டை அவன் மாமா வாங்கிக் கொடுத்தது. நான் வாங்கித் தரவும் இல்லை, போடாதே என்று சொல்லவும் இல்லை. அணியை வற்புறுத்திக் கொடுத்தால் பாகற்காய் மாதிரி ஆகிவிடும்.

அபூர்வமாக ஜெயிக்கும் நாளில்தான் நம் குணம் வெளியே தெரியும். 2024 ஏப்ரல் 17, காலை. பிளேஆஃபுக்குள் நுழைய அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அதில் முதலாவதில் கிங்ஸ் வாரியர்ஸை 118-94 என்று அடித்தது. வாரியர்ஸின் கிளே தாம்சன் பத்து எறி எறிந்து ஒன்றுகூடப் போடவில்லை. எனக்கு நடைபாதை முழுக்கக் கூவிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. மகன் பள்ளியிலிருந்து வந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, யாரோ சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றும் பேசாமல் முட்டை பொரித்துச் சோற்றோடு வைத்தேன். பாதி சாப்பிட்டபின் அவனாகவே, "உங்க லைட்டைப் போட்டுக்கங்கப்பா" என்றான். மூன்று நாள் கழித்து இரண்டாவதில் நியூ ஆர்லியன்ஸிடம் 105-98 என்று தோற்று நாங்களும் வெளியே வந்தோம். அன்று எனக்கு முட்டை பொரித்தது அவன்.

2025-இல் நிலைமை இன்னும் மோசம். முந்தின டிசம்பரிலேயே பயிற்சியாளர் மைக் பிரவுனை நீக்கியிருந்தார்கள், பிப்ரவரியில் ஃபாக்ஸும் சான் அண்டோனியோவுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 17, வியாழன், காலை 10 மணி. மறுபடி அதே நுழைவு ஆட்டம், இந்த முறை டாலஸோடு. ஓய்வறையில் நானும் சீன நண்பரும். இரண்டாம் கால்பகுதியிலேயே முடிந்துபோனது. நம்மை அடித்தவர்களில் ஒருவர் அதே கிளே தாம்சன், இப்போது டாலஸ் சட்டையில், 23 புள்ளி. நண்பர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். 120-106 என்று முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை, கூட அவரும் இருந்தார்.

பிறகு போய் இரண்டு கோப்பி வாங்கி வந்தேன். அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, வழக்கமான எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில், அடுத்த சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அடுத்த ஏப்ரலில் கிங்ஸ் ஆடுமா என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"முந்தின ராத்திரியும் சேர்த்தா?" என்று கேட்டேன்.

சேர்த்துத்தான் என்றார். அவர் நீட்டிய துண்டுத்தாளில் என் பெயரை எழுதிவிட்டு, மாலை வண்டிக்கு முன் கொஞ்சம் படுக்கலாமென்று வீட்டுக்குக் கிளம்பினேன்.